கன்றும் கணக்கேடும்
(அப்புத்தளை மலைச்சாரலில் இளைஞர் கழகம் பற்றிச் சில எண்ணங்கள்)

தமிழிலே மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டார். கல்விக்கு நிகரான செல்வம் பிறிதில்லை என்பது அவர் துணிபு. கல்லூரி வகுப்பறையில் அக்குறளை நாம் மனனஞ் செய்த நாளில், மாட்டையும் கல்வியையும் ஒருங்கு வைத்து எண்ண வேண்டிய ஒரு காலம் எமக்கு வருமெனக் கருதினோமல்லோம். அப்புத்தளையில் வாழத் தலைப்பட்ட பின்னரே அத்தேவை எமக்குப் புலனாயிற்று.

அப்புத்தளை கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகடு ஒன்றின் மீது அமைந்த சிற்றூர். தெற்கே நோக்கினால் தாழ்நிலச் சமவெளி தொலைதூரம் விரிந்து கிடக்கும். வடக்கே திரும்பினால் ஊவாவின் மலையடுக்குகள் தோன்றும். 1893 ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை இவ்வூரை வந்தடைந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1890-இல், தொமஸ் லிப்டன் அயலிலுள்ள தம்பதென்னையில் தேயிலைத் தொழிற்சாலையை நிறுவினார். அன்று தொட்டு இம்மலைச்சரிவுகளிலே கொழுந்து பறித்து வாழும் குடும்பங்கள் இன்று நான்காந் தலைமுறையையும் கடந்துவிட்டன.

இக்குடும்பங்களுக்குத் தாம் உறங்கிய லயத்து அறை சொந்தமன்று. அதன் முன்னுள்ள மண்ணுஞ் சொந்தமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அக்குறை முற்றாகத் தீருதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992-இல் அவற்றின் முகாமை மீண்டுங் கம்பனிகளிடஞ் சென்றது. உடையவர் மாறினரேயன்றி லயத்தில் வாழ்ந்தோர் உடையவராகவில்லை. அண்மைக் காலத்தில் வீட்டுத் திட்டங்களின் வழியாக ஏழு பேர்ச்சஸ் காணி சிலருக்குக் கிடைத்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், எல்லோர்க்கும் அது எட்டியதெனக் கூறமுடியாது.

இந்நிலையிலும் அவர்கள் தமதென்று சொல்லத்தக்க ஒரு பொருள் இருந்தது. அது லயத்தின் பின்புறத்துப் பட்டியிலே கட்டப்பட்டிருந்த பசு. கூலி போதாத மாதத்திற் பாலை விற்று அரிசி வாங்கினர். மகளின் திருமணத்துக்கோ மகனின் மேற்படிப்புக்கோ பசுவையே விற்றனர். நிலமற்ற மக்களுக்கு நடமாடும் நிலமாய் அமைந்தது அப்பசு. எனவே, கிராமப்புற இளைஞர் கழகங்களிலே பிள்ளைகள் விலங்கு வளர்த்துப் பயிலும் முறையைப் பற்றி இவ்விழா மலரில் எழுதப் புகுந்த நாம், அதனைப் பொழுதுபோக்கெனக் கொண்டு எழுதவில்லை. உடைமையென்பதை அறியாத ஒரு சமுதாயத்தின் பிள்ளை, தன் கையால் வளர்த்த ஒன்றுக்கு உடையவனாதலே இங்குப் பேசப்படும் பொருள்.

இயக்கத்தின் தோற்றம்

இத்தகைய கழகங்களின் மூலத்தை ஆராய்வோர் ஐக்கிய அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தைச் சுட்டுவர். ஆங்கே கிளார்க் என்னும் மாவட்டத்திற் கிராமப் பாடசாலைகளின் மேற்பார்வையாளராயிருந்த ஏ. பி. கிரகாம் என்பார், 1902 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் திகதி சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு கழகத்தைத் தொடங்கினார். சோளம் பயிரிடல், காய்கறித் தோட்டஞ் செய்தல், மண்ணின் புளிப்புத் தன்மையைச் சோதித்தல் என்பனவே அவர்களுக்கு வகுக்கப்பட்ட வேலைகள். பிற்காலத்தில் இவ்வியக்கம் நான்கு 'எச்' கழகம் எனப் பெயர் பெற்றது. தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் அவ்வெழுத்திலே தொடங்குவதே இப்பெயருக்குக் காரணம்.

அக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் நல்ல விதைகளையும் புதிய முறைகளையும் கண்டறிந்திருந்தன. முதிய கமக்காரரோ அவற்றை எளிதில் ஏற்றாரல்லர். பிள்ளைகள் தம் தந்தையின் நிலத்தில் ஒரு மூலையைப் பெற்று, புதிய முறையிற் பயிரிட்டு, விளைவை நிறுத்துக் காட்டினர். சொற்பொழிவு செய்ய முடியாததை மகனின் ஒரு மூடைச் சோளஞ் செய்தது. 1914-இல் வந்த சிமித்-லீவர் சட்டம் விவசாய விரிவாக்கச் சேவையை நாடெங்கும் நிலைநாட்டியபோது இக்கழகங்களும் அதன் ஓர் அங்கமாயின.

பெண்பிள்ளைகளும் ஒதுக்கப்பட்டாரல்லர். 1910 ஆம் ஆண்டிலே தென் கரோலினா மாநிலத்துக் கிராம ஆசிரியையான மேரி குரோமர், சிறுமியருக்கெனத் தக்காளிக் கழகம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொருத்தியும் ஓர் ஏக்கரிற் பத்திலொரு பங்கு நிலத்திலே தக்காளி பயிரிட்டு, பழத்தைத் தகரங்களில் அடைத்து விற்று, அப்பணத்தைத் தன் பெயரிலே பெற்றாள். இச்செய்தியை மலைநாட்டில் வாழும் எம்மால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. தாய் நாள் முழுதும் கொழுந்து பறிக்க, அவள் கூலியைத் தந்தை சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களிலே நெடுங்காலம் நிலவியது. அத்தகைய வீட்டுச் சிறுமி ஒருத்தியின் கையில் அவள் பெயர் பொறித்த சேமிப்புப் புத்தகம் இருக்குமாயின் அதன் பொருள் எத்துணைப் பெரிதென்பதை வாசகர் உணர்வர்.

இங்கிலாந்திலே 1921-இல் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹெமியொக் என்னும் ஊரிற் கன்று வளர்ப்புக் கழகம் ஒன்று தோன்றியது. பாற்கம்பனி ஒன்று பிள்ளைகளுக்குக் கன்றுகளை வழங்கி வளர்க்கச் செய்தது. அந்நாட்டின் இளம் விவசாயிகள் கழகங்களுக்கு அதுவே வித்தாயிற்று. நல்ல பாலை விரும்பிய கம்பனி நல்ல கன்றிலிருந்தும், நல்ல கன்றை விரும்பியோர் பிள்ளையிலிருந்தும் தொடங்கினர் என்க.

மார்த்தாண்டத்து அனுபவம்

மேனாட்டு உதாரணங்கள் எமது நாட்டுக்குப் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை கூறத் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அன்று திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்ததும், 1956 நவம்பர் முதலாந் திகதி சென்னை மாநிலத்தோடு இணைந்து இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான மார்த்தாண்டமே அது. சேலத்திற் பிறந்த கே. டி. பால் வை. எம். சி. ஏ. சங்கத்தைக் கிராமப் பணியின்பால் திருப்பினார். அவ்வழியில் 1920-களிலே அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்திற் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார்.

அவர் முதலிற் பெரிய பண்ணையை அமைத்தாரல்லர். ஏழையின் முற்றத்திலே ஏற்கனவே இருந்த கோழியையே எடுத்துக்கொண்டார். நல்லினச் சேவலைக் கொண்டு நாட்டுக் கோழியின் வழியைத் திருத்தினார். முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்க வழி செய்தார். அழுகல் முட்டையை நல்ல முட்டையோடு கலந்து விற்றால் எல்லோருக்கும் விலை குறையுமென்பதைக் கிராமத்தார் கண்கூடாகக் கண்டனர். நேர்மை ஆதாயமுந் தரும் என்னும் பாடத்தை ஒரு முட்டைக் கூடை கற்பித்தது.

தேனீயின் கதை அதனினுஞ் சுவையானது. முன்னர்த் தேனெடுப்போர் புகையிட்டு அடையைப் பிழிந்தனர். அதனால் தேனீக் குடியே அழிந்தது. திருச்சிராப்பள்ளியிலே பணிபுரிந்த நியூற்றன் அடிகளார் எமது நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை அமைத்திருந்தார். அடைகளைச் சட்டங்களிற் கட்டும்படி தேனீயைப் பழக்கினால், குடியை அழியாது தேனை மட்டும் எடுக்கலாம். அப்பெட்டி மார்த்தாண்டத்து வீட்டு முற்றங்களிற் பரவியது. இன்றும் மார்த்தாண்டம் என்றவுடன் தமிழ்நாட்டார் நினைவுக்கு வருவது தேனே.

தம் கையே தமக்குதவி என்பதும், அருகிருந்து வழிகாட்டும் அறிஞர் ஒருவர் வேண்டும் என்பதும் அந்நிலையத்தின் இரு தூண்கள். முன்னது மட்டும் இருந்தால் ஊக்கம் இடையில் ஓய்ந்துவிடும். பின்னது மட்டும் இருந்தால் மக்கள் கைநீட்டி நிற்பர்.

எமது நாட்டிற் கற்ற பாடம்

இலங்கையும் இத்துறையில் முயலாதிருக்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்குப் பாடசாலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1930-களிலே, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸையை மையமாகக் கொண்டு கிராமக் கல்வித் திட்டம் ஒன்று நடைபெற்றது. பயிர்த்தொழிலையும் கைத்தொழிலையுஞ் சூழ்ந்து பாடங்கள் வகுக்கப்பட்டன. நோக்கம் நல்லதாயினும் அத்திட்டம் வேரூன்றவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் வயலுமா எனப் பெற்றோர் வினவினர்.

அவ்வினா நேர்மையானது. தோட்டப் பெற்றோர் அதனை இன்னும் வன்மையாக வினவ உரிமையுடையர். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் கீழ்வகுப்புகளோடு நின்றன; 1970-களின் பிற்பகுதியிலேயே அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. கொழுந்துக் கூடையினின்று பிள்ளையை மீட்டெடுக்கவே தாய் அவனைப் பள்ளிக்கு அனுப்புகின்றாள். அவன் கையிலே புல்லரியும் அரிவாளைக் கொடுப்போமாயின் அவள் அஞ்சுவது இயல்பு.

ஆகவே, கழகம் பள்ளிக்குப் பதிலாக நிற்கலாகாது. பள்ளிக்குத் துணையாகவே நிற்றல் வேண்டும். பாடநேரத்தில் ஒரு மணித்துளியையும் அது கவரலாகாது. சேர்வது பிள்ளையின் விருப்பம்; நீங்குவதும் அவ்வாறே. விலங்கின் பயன் ஆசிரியருக்கோ தோட்டத்துக்கோ கழகத்துக்கோ அன்றி, வளர்த்த பிள்ளைக்கே சேர்தல் வேண்டும். இவ்விதிகளுள் ஒன்று தவறினும் கழகம் கூலியில்லா வேலையாகிவிடும். அத்தகைய வேலையை இம்மலைகள் முன்னரே போதிய அளவு கண்டுள்ளன.

அப்புத்தளையிற் செய்யத்தக்கவை

இனி, இம்மலைச்சாரலிற் பிள்ளைகள் எவற்றை வளர்க்கலாம் என்பதை நோக்குவோம்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கோழி பொருத்தமானது. அடைகாத்தல் 21 நாள். குஞ்சு முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய 5 மாதம். அப்புத்தளையின் குளிரிற் குஞ்சுகளே முதலில் வாடும். முதல் வாரத்திற் குஞ்சுக் கூட்டின் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். பின்னர் வாரந்தோறுஞ் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். வெப்பமானி இல்லாத வீட்டிற் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர். விலகிச் சுவரோரம் ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. பரவலாய்த் திரிந்தால் அளவு சரி. இதனை உற்றுநோக்கிய பிள்ளை விஞ்ஞானத்தின் முதற் பாடத்தைக் கற்றவனாவான்.

கோழி வளர்ப்போடு கணக்கும் வரும். பத்துக் கோழிகள் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 35 கிலோ தீனி உண்ணும். நாளொன்றுக்கு 7 முட்டை வீதம் மாதத்தில் 210 முட்டை கிடைப்பதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு முட்டைக்குச் செலவாகுந் தீனி ஏறக்குறைய 165 கிராம். அத்தீனியின் விலை முட்டையின் விலையிலுங் குறைவா, கூடுதலா? முட்டை 5 ஆகக் குறைந்தால் என்னாகும்? கரும்பலகையிற் சலிப்பூட்டிய விகிதக் கணக்கு, தன் கோழியைப் பற்றியதானவுடன் உயிர்பெறுகின்றது. இக்கணக்கேடே கழகத்தின் உயிர்நாடி. வரவு, செலவு, நோய், இறப்பு யாவும் அதிற் பதியப்படல் வேண்டும். ஒரு கோழி இறந்தால், எந்நாள், எதனால் என அப்பிள்ளையே எழுதுதல் வேண்டும். நட்டத்தை மறையாது எழுதப் பழகிய கை நாளை எந்த அலுவலகத்திலும் பொய்க்கணக்கு எழுதக் கூசும்.

நிலமில்லாப் பிள்ளைக்குச் சாலப் பொருத்தமானது தேனீ. காற்றைத் தடுக்கவும் விறகுக்குமெனத் தோட்டங்களில் நட்ட யூக்கலிப்டசு மரங்கள் பூக்கும்போது தேனீக்கு விருந்து. தேனீ எல்லைக்கல்லை அறியாது; துரையின் மரத்துப் பூவும் அதற்குப் பூவே. பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு அமைந்திருப்பது ஊவாப் பிள்ளைகளுக்கு வாய்த்த நற்பேறு. அருகிருந்து வழிகாட்டும் அறிஞரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதை அடைந்தோர்க்கு நாகு கன்று. குளிர்ச்சியான இம்மலைகளில் பிரீசியன், அயர்சயர், ஜேர்சி ஆகிய இனங்களின் கலப்புப் பசுக்கள் நன்கு வளரும். கன்று பிறந்த சில மணி நேரத்துள் அதற்குக் கடும்பு ஊட்டப்படல் வேண்டும். சீம்பால் என்று தோட்டத்தார் வழங்கும் இம்முதற்பாலிலேயே நோயெதிர்க்கும் ஆற்றல் உள்ளது. பின்னர் உடல்நிறையிற் பத்திலொரு பங்கு பால் நாடோறும் வேண்டும். 30 கிலோக் கன்றுக்கு 3 லீற்றர் என்பது கணக்கு. பாலை விற்கும் வீட்டிற் கன்றின் பங்கைக் குறைக்கும் ஆசை எழுவது இயல்பு. அவ்வாசையை வென்று கன்றுக்கு உரியதைக் கொடுப்பதும் கழகம் கற்பிக்கும் அறமே.

ஊவாவில் யூன் தொட்டுச் செத்தெம்பர் வரை வறண்ட காற்று வீசும். தேயிலையின் மணத்துக்குப் புகழ்பெற்ற அப்பருவமே புல்லுக்குப் பஞ்சகாலம். நேப்பியர் புல்லையோ, கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 புல்லையோ சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டு, மழைக்காலத்து மிகுதியைப் பதப்படுத்தி வைத்தல் வேண்டும். புல்வரிசை மண்ணையும் பிடித்து நிறுத்தும். கொட்டிலுக்கென மலைச்சரிவை ஆழ வெட்டுவது தவறு. 2014 ஒக்தோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தைக்கு அண்மையில் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவிற் புதையுண்ட துயரத்தை இம்மாவட்டத்தார் மறவார். மலையை அறிந்து வாழ்தலும் கல்வியே. சாணமோ வீணாவதில்லை, லீக்ஸ், கோவா, கரட், போஞ்சிப் பாத்திகளுக்கு அதுவே உரம்.

நாகு தன் முதற்கன்றை ஈன ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். எட்டாம் வகுப்பிலே கன்றைப் பெற்றவன் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டிலே பாலைக் காண்பான். தோட்டப் பிள்ளைகள் பலர் படிப்பைக் கைவிடுவது அந்த இடைக்காலத்திலேயே. உயர்தர வகுப்புக்குப் புத்தகமும் பேருந்துக் கட்டணமும் வேண்டியிருக்கும் வேளையில், தானே வளர்த்த பசு துணை நிற்குமாயின் அக்கன்று படிப்புக்குப் பகையாகாது, படிப்புக்குப் பிணையாகும்.

சில இடர்ப்பாடுகள்

இம்முறையில் இடர்ப்பாடே இல்லையென நாம் கூறவில்லை. மேனாட்டுக் கழகங்களிற் பிள்ளைகள் வளர்த்த விலங்கு கண்காட்சியின் பின் இறைச்சிக்கு விற்கப்படுவதுண்டு. கொல்லாமை பேணும் எமது வீடுகளுக்கு அது பொருந்தாது. அவர்க்குத் தேனீயும் பசுவுமே ஏற்றவை. ஆயினும் நாம்பன் கன்று பிறந்தால் யாது செய்வது என்னும் வினா பசுவோடு கூடவே வரும். இதனைப் பிள்ளையிடமிருந்து மறைத்தல் தகாது. வீட்டாரும் கழகத்தாருங் கூடி முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மற்றோர் இடர் சேவைகளின் குறைவு. இளம் விவசாயிகள் கழகங்கள் இந்நாட்டுக் கிராமங்களில் இயங்கியதுண்டு. தோட்ட லயங்களோ கிராமம் என்னும் எண்ணிக்கையுள் நெடுங்காலம் அடங்கவில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபைகள் தம் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிலே தாராளமாகச் செலவிட இயலாதிருந்தது. 2018-இலேயே அத்தடை திருத்தத்தால் நீங்கியது. கதவு திறந்துவிட்டது. கால்நடை வைத்தியரையும் விவசாயப் போதனாசிரியரையும் லயத்து வாசலுக்கு அழைத்துவரும் ஆள்களே இனி வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு சொல்

1930-களில் இசுப்பானிய உள்நாட்டுப் போரின்போது டான் வெஸ்ட் என்னும் அமெரிக்கக் கமக்காரர் அகதிப் பிள்ளைகளுக்குப் பால் பங்கிடும் பணியிலிருந்தார். கோப்பைப் பால் அன்றோடு தீரும். பசுவையே கொடுத்தால் என்ன என அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1944-இல் 17 நாகுகள் புவேட்டோ றிக்கோத் தீவுக்கு அனுப்பப்பட்டன. பெற்றவர் தம் பசு ஈன்ற முதல் நாகு கன்றை மற்றோர் ஏழைக்குக் கொடுத்தல் வேண்டும் என்பதே அக்கொடையின் விதி. அதனால் வாங்கியவரே வழங்குபவராயினர்.

இவ்விதியை அப்புத்தளைக் கழகமும் மேற்கொள்ளத் தக்கது. கல்லூரி விழாக்களிற் பழைய மாணவராகிய நாம் கட்டடத்துக்கும் கேடயத்துக்கும் பொருள் வழங்குகின்றோம், அவை வேண்டியவையே. ஒரு வகுப்பிற் பயின்றோர் கூடி ஒரே ஒரு நாகு கன்றை மலைநாட்டுப் பிள்ளை ஒருவனுக்கு அளிப்பார்களாயின், அக்கொடை மூன்றாண்டில் மற்றொரு லயத்துக்குச் செல்லும். பின்னர் இன்னொன்றுக்குச் செல்லும். கன்றோடு ஒரு கணக்கேடும் ஒரு பேனாவுங் கொடுக்க மறத்தலாகாது.

மாட்டுப் பொங்கலன்று லயங்களிலே பசுக்களுக்குக் கொம்பில் வண்ணந் தீட்டி மாலை சூட்டுவர். கழகத்தின் ஆண்டுக் காட்சிக்கு அந்நாளே உகந்தது. அன்று பிள்ளைகள் தம் கன்றுகளோடு வரிசையில் நிற்க, நடுவர் முதலிற் கன்றைத் தடவிப் பார்ப்பார். பின்னர் ஏட்டை வாங்கிப் புரட்டுவார். இரண்டிலும் தேறிய பிள்ளைக்கே பரிசு. வள்ளுவர் சொன்ன செல்வமும் லயத்தார் அறிந்த செல்வமும் அந்த ஒரு பிள்ளையின் இரு கைகளிலும் இருக்கும்.